நிற்காத நாடா

அறிவிப்பு முடிந்த பிறகும் ஒலிநாடா நிற்கவில்லை.

முடிவில் ஒட்டியிருக்கும் வெள்ளித் தகடு, நாடாவைப் படிக்கும் முனையில் பட்டதும் இயந்திரம் தானாக நின்றுவிடும். தகடு இடத்தில்தான் இருந்தது. வளையமாகச் சுற்றும் நாடாவில் அது இரண்டு தடவை கடந்து போனதைச் சவரியம்மாள் கண்ணால் பார்த்தாள். நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

1982, மே மாதம். பென்னலூர் ரோட்டோரத்தில் அந்த ஷெட். விமானத்தில் ஆட்கள் ஏறும்போது கேட்கும் வீணை, பெல்ட் போடச் சொல்லும் பெண் குரல், எல்லாம் இங்கேதான் சின்னச் சின்ன டப்பாக்களில் பதிவாகி மீனம்பாக்கம் போகும். அவற்றில் கடைசிப் பேச்சை மட்டும் யாரும் பொத்தான் அழுத்திப் போடுவதில்லை. மேலே பறக்கும்போது உள்ளே காற்று குறைந்தால் அது தானாகப் பேசும். முகமூடியை மூக்கில் வையுங்கள், சாதாரணமாக மூச்சு விடுங்கள் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் சொல்லும்.

சோதனை பார்க்கும் பெண்கள் யாரும் அதைக் காதால் கேட்பதில்லை. ஆகாது என்று ஒரு பேச்சு. அது வரும்போது ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தாலியையோ சிலுவையையோ தொட்டுக்கொண்டு, கேட்டதாகச் சீட்டில் கையெழுத்துப் போடுவார்கள். சவரியம்மாளும் இரண்டு வருடமாக அப்படித்தான்.

இன்றைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மூன்று மணி விமானத்தில் அவள் புருஷன் அருள்நாதன் பம்பாய் போகிறான், அங்கிருந்து துபாய். இன்றைக்காவது ஒழுங்காகக் கேட்போம் என்று ஹெட்போனை மாட்டினாள்.

"புருஷன் ஏரோப்ளேன் ஏறப்போறாருன்னதும் வேலைல ரொம்பத்தான் சுத்தம்" என்று கூண்டுக்கு வெளியே இருந்து, கூடச் சோதனை பார்க்கும் மரகதம் கிண்டல் செய்தாள். "அத்த கேக்காதடி. சொன்னா கேளு."

கூண்டு என்பது சுவரெல்லாம் தேங்காய் நார் அடித்த, ஒரு ஆள் உட்காரும் அறை. முன்னால் ஒரு கண்ணாடி. சத்தம் விழும் என்று மின்விசிறி கிடையாது. ஸ்பிரிட் வாடையும் சூடான நாடாவின் வாடையும் வியர்வையோடு சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

பெண் குரல் பதறாமல் சொல்லி முடித்தது. இனி வெறும் நாடா. அந்த வெறுமையில் முதலில் தகரக் கூரைமேல் மணலை இழுப்பது போல ஒரு காற்று வந்தது. காற்றுக்கு அடியில், வெகுநேரம் கேட்ட பிறகே பிரித்தறிய முடிகிற மாதிரி, மூச்சு. நிறைய பேரின் மூச்சு. அதற்கும் அடியில் ஒரு ஆண் குரல் ஜெபம் சொன்னது. அருள்நாதன் எப்போதும் விழுங்கும் அதே வார்த்தையை அதுவும் விழுங்கியது.

"சவரி, மூக்குல வைக்கச் சொல்றாங்க. வச்சிக்கினேன். காத்தே வரல."

ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

சூப்பர்வைசர் நரசிம்மன் வந்து உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். "ஒண்ணும் இல்லியேம்மா. காலி டேப்பு. பக்கத்துச் சுத்துல கீற பேச்சு லேசா ஒட்டிக்கும், அதான்."

"அவரு குரலு சார். இந்த லாட்டுல மிச்ச டேப்புங்க எங்க?"

"போன வாரமே போயிடுச்சு. பம்பாய் ப்ளேனுங்களுக்கு மாட்டிட்டாங்க. நீதான சைன் பண்ண?"

அவள்தான்.

"போன் போடுங்க சார். நிறுத்தச் சொல்லுங்க."

"இன்னான்னும்மா சொல்றது? டேப்புல உன் வூட்டுக்காரர் பேசறாருன்னா?"

கேட்டாரே தவிர, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெட்ராஸ் விமான நிலையத்துக்கு டிரங்க்கால் பதிவு செய்தார். லைன் கிடைக்கவில்லை. காத்திருங்கள் என்றார்கள். இரண்டு ஐம்பது. மறுபடி கேட்டார். காத்திருங்கள். மூன்று. மூன்று ஐந்து. ரிசீவரை வாங்கி அவளே காதில் வைத்துக்கொண்டாள். கொர்ரென்ற இரைச்சல் மட்டும்.

மூன்று பத்துக்குக் கூரை அதிர்ந்தது. மரகதம் வெளியே ஓடிப் போய்க் கையாட்டினாள். "போறாரு பாருடி. நல்லாத்தான் போவுது."

சத்தம் மேற்கே தேய்ந்து நின்றது.

சவரியம்மாள் கூண்டுக்குள் போனாள். அவன் குரல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். கதவைச் சாத்தினாள். நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டினாள்.

காற்று இல்லை. ஜெபம் இல்லை. மூச்சு மட்டும்.

"என்னாங்க" என்றாள்.

ஒரு மூச்சு நின்றது. பிறகு இன்னொன்று. வரிசையாக. ஒவ்வொன்றாக.

எல்லாம் நின்றது.

கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தாள். நாடா நின்றது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

மூச்சு கேட்டது. முதுகுக்குப் பின்னால். கழுத்தருகே. தோளருகே. அந்த அக்னி வெயிலில் கூண்டு சில்லிட்டது.

கண்ணாடிக்கு வெளியே நரசிம்மன் எழுந்து நின்றிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் உள்பக்கம் ஒரு இடத்தில் ஆவி படிந்தது. முக உயரத்தில். பக்கத்தில் இன்னொன்று. கீழே, குழந்தை உயரத்தில் ஒன்று.

சவரியம்மாள் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கண்ணாடி முழுக்க வெளுத்துக்கொண்டே வந்தது.