இருபத்திரண்டு சாமான் கத்தி

அழகுராஜா மாமாவின் மடக்குக் கத்தியில் இருபத்திரண்டு சாமான்கள் இருந்தன. மாமாவைக் கேட்டால் இருபத்துமூன்று என்பார். கத்தி வந்த பெட்டியையும் சேர்த்து எண்ணியிருந்தார்.

"பார்த்தியா மருமகளே! இது ரம்பம், இது கரண்டி, இது திருப்புளி, இது விசில். இது கையில இருந்தாப் போதும், ஒரு மாசம் காட்டுலயே கெடப்பேன்."

"சாப்பாட்டுக்கு மாமா?" என்று கேட்டாள் அனுசியா.

"அதான் உங்கம்மா தக்காளிச்சோறு கட்டிக் குடுத்துருக்காள்ல!"

மாமாவுக்குப் போடியில் செல்போன் உறை விற்கும் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் 'போடி வேங்கை'. காட்டில் தனியாக வாழ்வது எப்படி என்று வீடியோ எடுத்துப் போடும் வேங்கை. அதைத் தவறாமல் பார்ப்பவர்கள் பதினான்கு பேர். அதில் ஒருவர் அனுசியாவின் அம்மா. இன்னொன்று அம்மாவின் பழைய போன்.

அன்றும் வேங்கை காட்டில் தனியாக வாழப் புறப்பட்டது. கூடவே ஒரு கூடாரம், மடக்கு நாற்காலி, அடுப்பு, மெத்தை. அவற்றைச் சுமக்கத் தங்கப்பொண்ணு. போனைப் பிடிக்க அனுசியா.

தங்கப்பொண்ணு அனுசியா வீட்டுக் குதிரை. போடிமெட்டுச் சாலையில் ஜீப்பு நின்றுவிடும் இடத்துக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு ஒற்றையடிப் பாதைதான். அரிசி மேலே போவதும், ஏலக்காய் மூட்டை கீழே வருவதும் குதிரை முதுகில். அனுசியாவின் அப்பா சின்ராசுவுக்கு அதுதான் தொழில்.

அப்பா பொதி கட்டினால் ஒரே ஒரு உருவு முடிச்சுதான். குதிரை சறுக்கினால் கயிற்று நுனியை ஓர் இழுப்பு இழுத்தால் போதும். பொதி தனியே கழன்று விழும், குதிரை பிழைத்துக்கொள்ளும்.

"முன்னால போங்க. நான் அடுத்த குதிரைக்கு அரிசிய ஏத்திட்டு வெரசா வர்றேன்" என்று குதிரையின் முன்கயிற்றை மாமாவிடம் நீட்டினார் அப்பா.

"நான் பிடிக்கிறேம்ப்பா!"

"உனக்குப் பன்னெண்டு வயசு ஆகட்டும் ஆத்தா."

அனுசியாவுக்குப் பதினொன்றரை. முகம் சுண்டிப்போனது.

அப்பாவின் தலை மறைந்ததும் மாமா பொதியைச் சுற்றி வந்தார். "ஒத்த முடிச்சு! வீடியோவுல பார்க்க நல்லாவா இருக்கும்?" என்று அதை அவிழ்த்தார். புது நைலான் கயிற்றில் ஏழு முடிச்சுப் போட்டார். மிச்சக் கயிற்றைத் தங்கப்பொண்ணின் கழுத்தைச் சுற்றியும் கட்டினார்.

"கழுத்துல வேணாம் மாமா."

"உனக்கென்ன தெரியும்? இது கப்பற்படைக்காரங்க போடுற முடிச்சு."

"நம்ம மலையில கப்பல் ஏது மாமா?"

"போனை நேராப் பிடி!"

அனுசியா பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உள்ளே அவளுடைய மடக்குக் கத்தி இருந்தது. கொம்புப் பிடி, ஒரே ஓர் அலகு. அதுவும் கறுத்துப்போன அலகு. புல் அறுக்க, சாக்குத் தைத்த நூலை வெட்ட, குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லைத் தோண்ட அதுதான். சனிக்கிழமைதோறும் துவைகல்லில் தீட்டிவிடுவாள்.

மாமா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "இது கத்தியா, துருப்பிடிச்ச ஆணியா?" என்று கேட்டிருக்கிறார்.

பாதை குறுகியது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பள்ளம். மாமா சட்டென்று நின்று கேமராவைப் பார்த்தார்.

"நண்பர்களே! காட்டில் ஆபத்து வந்தால் இந்த விசிலை ஊத வேண்டும்!"

ஊதினார். ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது.

காதுக்குப் பக்கத்தில் கேட்ட அலறலில் தங்கப்பொண்ணு மிரண்டு துள்ளியது. மாமா முன்கயிற்றை விட்டுவிட்டார். குதிரையின் பின்னங்கால்கள் பாதையை விட்டுச் சறுக்கின. பொதி முதுகிலிருந்து புரண்டு பள்ளத்தில் தொங்கியது. அதன் கனத்தில் நைலான் கயிறு தங்கப்பொண்ணின் கழுத்தை இறுக்கியது. முன்னங்கால்களை மண்ணில் ஊன்றி, கண்கள் பிதுங்க, 'கர்ர்... கர்ர்' என்று மூச்சுக்குத் திணறியது அது.

"ஆத்தாடி!" என்று அலறினார் வேங்கை.

முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். ஏழும் கப்பற்படை முடிச்சுகள், ஒன்றுகூட அசையவில்லை. கத்தியை எடுத்துப் பிரித்தார். கரண்டி வந்தது. மடக்கிவிட்டு மறுபடி பிரித்தார். மூடி திறப்பான் வந்தது. பிறகு நகம் தேய்க்கும் அரம்.

"அலகு எங்க மாமா?"

"இங்கதான் எங்கயோ இருந்துச்சு!"

ஒருவழியாக அலகு வந்தது. மாமா கயிற்றில் வைத்து அழுத்தினார். அது வழுக்கி, மடங்கி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

அனுசியா போனைக் கீழே போட்டாள். பையிலிருந்து தன் கத்தியை எடுத்தவள், ஒரு கணம் நின்றாள். பொதியை அறுத்ததும் குதிரை மிரண்டு பின்னால் போனால்? நேரே பள்ளம்தான்.

தரையில் கிடந்த முன்கயிற்றை இழுத்துப் பாதையோரப் பலாமரத்தில் சுற்றிக் கட்டினாள். துப்பட்டாவைத் தங்கப்பொண்ணின் கண்ணில் போட்டு மூடினாள்.

"ஒண்ணுமில்லடி தங்கம், நான்தான்... மாமா, விசிலத் தொடாம நில்லுங்க!"

விறைத்து நின்ற நைலானில் கறுத்த அலகு இறங்கியது. ஒரு இழுப்பு. பாதி அறுந்தது. இரண்டாவது இழுப்பு. மூன்றாவதில் 'டப்' என்றது.

கூடாரமும் நாற்காலியும் அடுப்பும் மெத்தையும் பள்ளத்தில் உருண்டு உண்ணி முள்புதரில் போய் விழுந்தன. மரத்தில் கட்டிய கயிறு விறைத்துத் தாங்கியது. தங்கப்பொண்ணு ஒரு முக்கு முக்கி, பின்னங்கால்களை மேலே ஏற்றி, நாலு காலில் எழுந்து நின்றது. ஆழமாக மூச்சிழுத்து, மாமாவின் முகத்தில் 'புர்ர்ர்' என்று தும்மியது.

"பொழைச்சிருச்சு மாமா! பொழைச்சிருச்சு!" அனுசியா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

மாமா முகத்தைத் துடைத்தபடி பாறையோரம் உட்கார்ந்துவிட்டார். வேங்கை வாடிய கத்திரிக்காய் போல இருந்தது. தங்கப்பொண்ணு பின்னங்காலை நொண்டுவதை அனுசியா அப்போதுதான் கவனித்தாள். தோலில் பெரிய முள். விரலுக்கு அகப்படவில்லை, கத்திக்கு அது வேலையும் இல்லை.

"மாமா, உங்க கத்தியில முள்ளுப் பிடுங்குற சாமான் இருக்கா?"

மாமா நிமிர்ந்தார். "பதினேழாவது சாமான்!"

அனுசியா காலைப் பிடித்துக்கொள்ள, மாமா குனிந்து கவனமாகப் பிடுங்கினார். முள் முழுசாக வந்தது. கத்திரிக்காய்க்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அரிசிக் குதிரையோடு அப்பா வந்து சேர்ந்தார். அறுந்த நைலானைத் தடவிப் பார்த்தார். பலாமரத்தில் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"மொதல்ல குதிரைய மரத்துல கட்டிட்டுத்தான் பொதிய அறுத்தியா?"

"ஆமாப்பா."

"முள்ள எடுத்தது என் கத்தி மச்சான்" என்றார் மாமா.

அப்பா கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்து அனுசியாவின் கையில் கொடுத்தார். "நீ முன்னால நட."

"இன்னும் பன்னெண்டு ஆகலையேப்பா?"

"ஆயிருச்சுன்னு வச்சுக்க."

மாமா போனைத் தேடி எடுத்துத் தட்டினார். "எல்லாம் பதிவாகியிருக்கா மருமகளே?"

"வானம்தான் தெரியும் மாமா. ஆனா நீங்க 'ஆத்தாடி'ன்னது நல்லாக் கேக்கும்."

ஊர்வலம் மேலே ஏறியது. முன்னால், கயிற்றைப் பிடித்துத் தலை நிமிர்ந்து அனுசியா. பின்னால் தங்கப்பொண்ணு. அதற்குப் பின்னால் அப்பாவும் அரிசியும். கடைசியில், முள்புதரிலிருந்து மீட்ட நாற்காலியைத் தலையில் சுமந்தபடி போடி வேங்கை.

"மருமகளே, கொஞ்சம் மெதுவாப் போ!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஆபத்துன்னா விசில் ஊதுங்க மாமா!" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு நடந்தாள் அனுசியா.