ரெண்டு தடவை பட்ட பந்து

"கண்ணு ரெண்டும் சும்மா வந்ததா சார் உங்களுக்கு?"

அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சே இதுதான். பின்னே என்ன? ராக்கெட்பால் என்றால் நாலு சுவருக்குள் ரப்பர் பந்து தறிகெட்டுப் பறக்கும் ஆட்டம். கண்ணில் பட்டால் கண் போச்சு. இவனோ பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல், கையில் ராக்கெட்டும் முகத்தில் சிரிப்புமாக உள்ளே நுழைகிறான்! வழக்கமாக அவளோடு ஆடும் தோழிக்குக் கணுக்கால் சுளுக்கு. 'தனியா ஒருத்தர் வந்திருக்கார், சேர்ந்து ஆடுங்களேன்' என்று ரிசப்ஷன் அக்கா கோர்த்துவிட்ட லட்சணம் இது.

"மறந்துட்டேங்க..."

"சாப்பிட மறப்பீங்களா? அக்காகிட்ட ஒண்ணு இருக்கும். மாட்டிட்டு வாங்க."

போனான். மாட்டிக்கொண்டு வந்தான். வந்து மெதுவாகச் சொன்னான்.

"நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். பத்து வருஷமா கண்ணைப் பார்த்துக்கங்கன்னு எல்லாரையும் நான்தான் திட்டுவேன். என்னை யாரும் திட்டினதே இல்லை... நல்லாத்தான் இருக்கு."

நல்லா இருக்காமே! அவளுக்கு ஏறியது கோபம். அவள் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பவள். ஐந்து கிராம் குறைந்தாலும் சீல் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அலுவலகத்தில் அவளுக்கு 'மிளகாய்' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும்.

மிளகாய் அன்றைக்கு அவனைப் பதினைந்துக்கு இரண்டு என்று வறுத்தெடுத்தாள்.

"அஞ்சு பாயிண்ட்கூட எடுக்க முடியாதவங்களோட நான் ஆடறதில்லை சார். தப்பா நினைக்காதீங்க."

"அடுத்த சனிக்கிழமை அஞ்சு எடுத்தா?"

"எடுத்தா பார்க்கலாம்."

எடுத்தான். அதற்கடுத்த வாரமும் ஐந்து. அப்புறம் ஏழு, ஒன்பது, பன்னிரண்டு... ஏழு வாரத்தில் இப்படி ஒருவன் முன்னேறி அவள் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, ஏனென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே பையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அக்காவின் கேலிப் பார்வையைக் கவனிக்காத மாதிரி நடந்தாள். அரங்கத்தில் விளக்கு வேறு மங்கிக்கொண்டே வந்தது. அதற்கு மூன்று புகார் எழுதிப் போட்டாள். அக்கா கண்டுகொண்டால்தானே?

எட்டாவது சனிக்கிழமை பதினான்குக்குப் பதினான்கு. அடுத்த புள்ளி யாருக்கோ, ஆட்டம் அவருக்கு.

சர்வீஸ் அவளுடையது. அடித்தாள். பந்து போனது, வந்தது, போனது... முன்சுவரின் இடது மூலையில் தாழ்வாக விழுந்த பந்தை அவன் பாய்ந்து ஓடிப்போய்த் தோண்டி எடுத்தான். அது சுவரில் பட்டு அவளைத் தாண்டிப் பின்னால் உருண்டது. என்ன அடி! தோற்ற எரிச்சலையும் மீறி அவளுக்குக் கைதட்டத் தோன்றியது.

அவன் மூச்சு வாங்க எழுந்து நின்றான்.

"இல்லைங்க... நான் எடுக்கிறதுக்குள்ள தரையில ரெண்டு தடவை பட்டிருச்சு. பாயிண்ட் உங்களுக்கு. ஜெயிச்சுட்டீங்க."

இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. ஒரு தடவை தரையில் படலாம், இரண்டாவது பட்டால் செல்லாது. பட்டதை எடுத்தவன்தான் சொல்ல வேண்டும். அதை நம்பித்தான் ஆட்டமே.

"ஒரு தடவைதான் பட்டுச்சு," என்றாள்.

"ரெண்டு."

"நான் பார்த்தேன் சார்! ஒண்ணு! யாருக்குப் பிச்சை போடறீங்க? பொம்பளை தோத்தா அழுவான்னு நினைச்சீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லைங்க..."

"வேற எப்படி? இன்னிக்கு ஒரு பாயிண்ட்ல பொய் சொல்றவர் நாளைக்கு எதுல வேணா சொல்வார். உங்களை நல்லவர்னு நினைச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! அடுத்த சனிக்கிழமை வேற ஆளைப் பார்த்துக்குங்க."

சொல்லும்போதே அவளுக்கே வலித்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அவன் முகம் வெளுத்துவிட்டது. அந்த இடது மூலையிலேயே நின்றபடி, பின்பக்கக் கண்ணாடிச் சுவர் வழியாகத் தெரியும் ரிசப்ஷனைக் காட்டினான்.

"இங்க வாங்க. அக்கா தலைக்கு மேல பலகை இருக்கில்ல? என்ன எழுதியிருக்கு, படிங்க."

"எதுக்கு?"

"படிங்களேன்..."

"'கண் பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.' போதுமா? உங்களுக்காகவே எழுதினது!"

அவன் நீட்டிய கையை இறக்கவில்லை. அது பிடிக்காமல் பலகையை நோக்கி நடந்தாள். நடக்க நடக்க எழுத்துகள் கூடி வந்தன.

'விளக்குகள் பற்றிய புகார்கள்: எலெக்ட்ரீஷியன் இரண்டு முறை பார்த்துவிட்டார். விளக்குகள் நன்றாக இருக்கின்றன.'

உள்ளங்கால்வரை சுட்டது அவளுக்கு.

"பழைய அறிவிப்பை எடுத்து ஒரு வாரம் ஆச்சும்மா," என்று கதவைத் திறந்து சொன்னாள் அக்கா. "பந்து ரெண்டு தடவை பட்டுச்சு. நானே பார்த்தேன்."

"எங்க வீட்டுலயே கண்ணு நல்லா இருக்கிறது எனக்கு மட்டும்தான்!" அவள் அவன் பக்கம் திரும்பினாள். கூடப்பிறந்த அக்காவைப் பள்ளிக்கூடத்தில் 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டவர்களை எல்லாம் அடித்து விரட்டியவள் அவள். "எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"மூணாவது வாரத்துல இருந்து. அந்த மூலைக்குப் போனா கண்ணைச் சுருக்குறீங்க, ராக்கெட் ஒரு அடி தள்ளிப் போகுது."

"அப்போ... வாராவாரம் அந்த மூலைக்கே அடிச்சது?"

அவன் தலை குனிந்தான்.

"அடப்பாவி!"

இரக்கப்பட்டான் என்று நினைத்தாளே, இரக்கமா? முன்னேற்றமாவது மண்ணாவது! கண் தெரியாதவளிடம் புள்ளி திருடியிருக்கிறான்! பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

ஞாயிறு முழுக்கக் கொதித்தாள். திங்கள் அன்று ஒரு கடையில் தராசைச் சோதித்தபோது கை நின்றது. சரியான எடை. கடைக்காரருக்கு அவள் வரப்போவது தெரியாது. வாங்குபவருக்குத் தராசு பார்க்கத் தெரியாது. ஆனாலும் சரியான எடை... பதினான்குக்குப் பதினான்கு. அவன் முதன்முதலாக ஜெயித்திருக்கலாம். அவளுக்குத் தெரியவே தெரிந்திருக்காது. இருந்தும் வாயைத் திறந்து 'ரெண்டு' என்றானே.

அப்படிப்பட்டவன் இந்தக் கண் விஷயத்தை மட்டும் ஏன் மறைத்தான்? கேட்காமல் விட்டால் அவள் மிளகாய் இல்லை.

செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. சொட்டச் சொட்ட அவன் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சோதிங்க."

அவன் எழுந்து வந்தான். விளக்கைத் தணித்தான். கனமான சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டான். வெளியே மழை. உள்ளே அவன் மூச்சு கேட்கும் தூரம்.

"எது தெளிவா இருக்கு? முதல்லயா... இப்பவா?"

"இப்ப. ஏன் சொல்லலை?"

"இது?"

"இதுதான். ஏன் சொல்லலை? தொழில்காரர்தானே நீங்க? வெட்கமா இல்லை?"

"இருக்கு. தூக்கமே வரலை." அவன் கை நின்றது. "கண்ணாடி போட்டா உங்க ஆட்டம் பழையபடி ஆயிடும். எனக்கு மறுபடியும் ரெண்டு பாயிண்ட்தான். அஞ்சு எடுக்காதவனோட ஆட மாட்டேன்னு சொன்னீங்க... எனக்குச் சனிக்கிழமை வேணும்ங்க. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மத்த ஆறு நாளும் கடையைத் திறக்கிறேன். தப்புதான். பத்து வருஷத்துல முதல் தடவையா ஒரு கண்ணைப் பார்த்தும் வாயை மூடிட்டு இருந்தேன். ஆனா ஆட்டத்துல பொய் சொல்ல மட்டும் வாய் வரலை. உங்களைப் பிடிச்சிருக்கு... அதான் காரணம், வேற ஒண்ணும் இல்லை."

அவள் நிமிர்ந்தாள். சட்டத்துக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். இடது கண்ணோரத்தில் கடுகளவு மச்சம். இமை மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்தக் கண்கள் கலங்கியிருந்தன. இந்த முகத்தைச் சரியாகப் பார்க்காமலேயே எட்டு வாரம் சண்டை போட்டிருக்கிறாளே!

சட்டென்று எழுந்தாள்.

"கண்ணாடி வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். விளையாடறதுக்குப் போடற மாதிரி. சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்து சேருங்க. உங்க வண்டவாளம் தெரிஞ்சு போகும்."

தெரிந்துபோனது. புதுக் கண்ணாடி வழியாக அரங்கமே பளிச்சென்று கழுவி வைத்த மாதிரி இருந்தது. பந்தில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. இடது மூலைக்கு அவன் அடித்ததை எல்லாம் அவள் ஓடிப்போய் எடுத்தாள். அவனும் விடவில்லை, விழுந்து புரண்டு ஆடினான். முதலில் ஒன்று எடுத்தான், அப்புறம் இரண்டு, மூன்று... நான்கு.

பதினைந்துக்கு நான்கு.

அவன் ராக்கெட்டை மெதுவாக உறையில் போட்டான்.

"நாலுதான்," என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "சொன்னா சொன்னதுதானே... வர்றேங்க."

"எங்க கிளம்பிட்டீங்க?" அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "ஒரு பாயிண்ட் குறைஞ்சா ஓடிடறதா? கேட்டா பிடிச்சிருக்குன்னு வேற சொல்றது! செவ்வாய்க்கிழமை பாதிப் பேச்சைப் பேசிட்டு என்னை மழையில அனுப்பினீங்களே, பதில் என்னன்னு கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்கதானே எழுந்து போனீங்க..."

"போனா கூப்பிடக் கூடாதா?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வேலையை விட்டுவிட்டு நின்றாள். இவள் அதைத் தெளிவாகப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

"அந்த அஞ்சு பாயிண்ட் சட்டம் ஊருக்கு. உங்களுக்கு இல்லை. நீங்க பூஜ்யம் எடுத்தாலும் அடுத்த சனிக்கிழமை வரணும். அதுக்கு அடுத்ததும் வரணும். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு! போதுமா?"

பந்து அவள் கையிலிருந்து நழுவித் தரையில் பட்டது. அவன் குனிந்து அதை எடுத்தான். பிறகு அந்த மச்சம் மேலேறும்படி மெல்லச் சிரித்தான்.

"சரியாக் கேக்கலைங்க... இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"பொய்! நல்லாக் கேட்டுச்சு உங்களுக்கு. ரெண்டாவது தடவை செல்லாது."

சொல்லிவிட்டு முறைத்தாள். முறைத்தபடியே ஓரடி கிட்டே வந்து, அக்காவுக்குக் கேட்காத குரலில், இரண்டாவது தடவையும் சொன்னாள்.