வால் உடைந்த எம்

"மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன். நான் செய்யல." இப்படிச் சொல்லிக்கொண்டேதான் ரோசலின் சூசைமாணிக்கம் வீட்டுக்குள் வந்தாள்.

திண்டுக்கல்லில் ராயப்பராஜ் நடத்தும் அச்சகத்தில் அவள் எழுத்துக் கோப்பவள். பேனாவால் வளைத்து எழுதியது போன்ற ஆங்கிலக் கொடியெழுத்து ஊரிலேயே அங்கு மட்டும்தான் இருந்தது. பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கென்றே வாங்கிய ஈய எழுத்து. பெட்டிச் சாவி அவளிடம். வியாபாரி மிக்கேல்ராஜின் மகன் கல்யாணப் பத்திரிகையை அதில்தான் பொன் மையில் அடித்தார்கள். மறுவாரமே, கல்யாணம் நின்றுவிட்டதென்று அவர் பெயரில், அதே எழுத்தில், அகரம் ஊரிலிருந்த பெண் வீட்டு உறவுகளுக்கெல்லாம் கார்டு போயிற்று. ஊர் சிரித்தபின் சம்பந்தம் எதற்கு என்று மிக்கேல்ராஜ் கையை விரித்துவிட்டார். எல்லாம் ரோசலின் வேலை என்றும் சொன்னார். சாயங்காலத்துக்குள் அவள் மன்னிப்பு எழுதித் தராவிட்டால் வேலை போய்விடும். பிறகு எந்த அச்சகமும் சேர்க்காது.

கள்ளப் பத்திரங்களைக் கண்டுபிடித்தே பேர் வாங்கியவர் சூசைமாணிக்கம். அவர் கார்டை லென்ஸில் நிதானமாகப் பார்த்தார். அவர் நண்பர், சைக்கிள் கடை ஸ்தனிஸ்லாஸ், அதற்குள் மூன்று பேரைக் குற்றவாளி ஆக்கியிருந்தார்.

கார்டில் எம் எழுத்துக்கு வால் நுனி ஏன் இல்லை என்று சூசைமாணிக்கம் கேட்டார். மிக்கேல்ராஜ் பெயரைக் கோக்கும்போது ஒரு எம் கீழே விழுந்து உடைந்தது என்றாள் ரோசலின். பிழை பார்க்கக் கறுப்பு மையில் எடுத்த ஒற்றைப் புரூப்பில் மட்டும்தான் அந்த உடைந்த எம் பதிந்தது. பத்திரிகை அடிக்குமுன் வேறு எம் மாற்றி, உடைந்ததை, உருக்கப் போகும் பழைய ஈயம் கிடக்கும் உருக்குப் பெட்டியில் போட்டுவிட்டாள். புரூப்பில் கையெழுத்திட்டுத் திருப்பித் தருவது வழக்கம். மிக்கேல்ராஜ் வாயால் சரி சொன்னாரே தவிர, தாள் திரும்பவில்லை.

சாயங்காலம் எல்லாரும் அச்சகத்தில் கூடினார்கள்.

"கார்டுல ரெண்டு எம் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே இடத்துல வால் இல்ல," என்றார் சூசைமாணிக்கம். "உடைஞ்சது ஒண்ணுதான். ஒரே ஈயத்துண்டு ஒரு பக்கத்துல ரெண்டு இடத்துல நிக்குமா? இது கோத்து அடிச்சதில்ல. எழுத்தைப் போட்டோ எடுத்து, வெட்டி ஒட்டிச் செஞ்ச பிளாக்கு."

பத்திரிகைதான் ஊரெல்லாம் போயிற்றே, யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாமே என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"பொன் மை போட்டோவுல சரியா விழாது. அதோட பத்திரிகையில இந்த உடைஞ்ச எம்மும் கிடையாது. அது இருக்கிறது ஒரே தாள்ல." சூசைமாணிக்கம் மிக்கேல்ராஜ் பக்கம் திரும்பினார். "அந்தத் தாள் எங்கய்யா?"

மிக்கேல்ராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். மதுரையில் இதைவிடப் பெரிய இடம் வந்ததையும், பழி தன்மேல் விழாமல் கழன்றுகொள்ள நினைத்ததையும் மென்று விழுங்கிச் சொன்னார்.

நடந்ததை மறந்துவிட்டு வேலையைப் பார் என்றார் ராயப்பராஜ்.

"மறக்க மாட்டேன் முதலாளி. பொண்ணு வீட்டுக்கும் எனக்கும் இவரு மன்னிப்புக் கேக்கணும். கார்டு போன அம்புட்டுப் பேருக்கும் அது போகணும். நானே கோக்குறேன்."

அந்தக் கொடியெழுத்திலேயே கோத்தாள். மிக்கேல்ராஜ் பெயர் வந்ததும் உருக்குப் பெட்டியைக் கிளறி, வால் உடைந்த எம்மை எடுத்து வைத்தாள். புரூப்பை அவர் முன் நீட்டினாள்.

"இந்தத் தடவை கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தாங்க."