மாற்று ஆள் வரும்வரை

வேன் நின்றபோது மணி பதினொன்று இருக்கும். பெயருக்குத்தான் குளிர்காலம். பாலைவனத்து வெயில் முதுகில் இதமாக ஒத்தடம் கொடுத்தது. லைன்மேன் கீழே இறங்கியதும் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் மின்கம்பங்கள் வரிசையாக நின்றன. ஒன்றில்கூடக் கம்பி இல்லை.

"ரிட்டையராகி ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் கம்பத்தைப் பாத்தா கழுத்து தானா திரும்புது," என்றாள் மனைவி.

"உன்னை என் தலையில கட்டினதே கம்பம்தானே சிஸ்டர்."

உண்மைதான். இருபத்தெட்டு வயதில் கம்பத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு நொறுங்கி, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். அந்த வார்டு நர்ஸ் அவள்; தினமும் போர்வையின் நாலு மூலையையும் சொருகி, தலைப்பக்கம் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் போவாள். டிஸ்சார்ஜ் ஆன மறுவாரமே கல்யாணப் பேச்சோடு போய் நின்றார். முப்பத்தைந்து வருடமாகியும் அப்படிக் கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. பொண்டாட்டியைப் போய் சிஸ்டர் என்கிறாரே என்று அக்கம்பக்கத்தில் சிரிக்காதவர்கள் கிடையாது.

பிள்ளைகள் இல்லை. போன வருடம் அவளும் ஓய்வு பெற்றாள். அதிலிருந்து ஆளே மாறிவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நடு மதியத்தில் திடுக்கென்று எழுந்து சமையலறைக்குப் போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் நிற்பாள். வேலை இல்லாத ஏக்கம் என்று நினைத்தார் லைன்மேன். ஊர்க்குளிர் அவருடைய இடுப்புக்கும் ஆகவில்லை. பத்து நாள் வெயில் ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மணல்மேடு, உப்பு ஏரி எல்லாம் முடிந்து, இன்று இந்த ஆளில்லாத சுரங்க ஊர்.

"நாப்பது வருஷம் ஆச்சுங்க சுரங்கத்தை மூடி," என்றார் வேன் டிரைவர். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாத மனிதர். "ரெண்டு மணிக்குள்ள வந்துடுங்க. அப்புறம் காத்து கிளம்பிடும். கடைசியில இருக்கற ஆஸ்பத்திரியை மட்டும் வெளிய இருந்தே பாருங்க. கூரை சரியில்ல."

சொல்லிவிட்டு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீடுகளுக்குள் ஜன்னல் உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது. ஒரு வீட்டில் கதவின் மேல்பாதிதான் வெளியே தெரிந்தது. தெருவில் காக்கை குருவி சத்தம்கூட இல்லை. தங்கள் காலடியைத் தவிர வேறெதுவும் கேட்காததால் இருவரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் லைன்மேனின் இடுப்பு மக்கர் செய்தது. நிழல் விழுந்த படியில் உட்கார்ந்தார்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்," என்றாள் அவள்.

"கூரை சரியில்லன்னாரே?"

"முப்பத்து நாலு வருஷம் இதைவிட மோசமான கூரைக்குக் கீழதான் வேலை பாத்தேன்." சிரித்தபடியே உள்ளே போனாள்.

கால்மணி நேரம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. முதலில் அவருக்கு எட்டியது ஒரு வாசனைதான்.

பினாயில்.

நாற்பது வருடம் மணல் தின்ற கட்டடத்துக்குள்ளிருந்து, இப்போதுதான் தரையைத் துடைத்ததுபோல.

பிறகு அவள் குரல் கேட்டது. வீட்டுக் குரல் இல்லை அது. அந்த மூன்று மாதம் அவர் கட்டிலில் கிடந்தபடி கேட்ட வார்டுக் குரல்.

"சரி... சரி... கடைசி ஊசி எப்போ போட்டீங்க?"

லைன்மேன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முன்னறையில் இடுப்பளவு மணல். நடைபாதையில் முழங்கால் அளவு. வார்டு வாசலில் கத்தியால் வெட்டியதுபோல மணல் நின்றுவிட்டது. உள்ளே தரை சுத்தமாக இருந்தது. துடைப்பக் கோடுகள்கூடத் தெரிந்தன.

பதினோரு இரும்புக் கட்டில்கள். மெத்தை இல்லை. ஒவ்வொரு கட்டிலின் பலகை மேலும் விரலளவு மணல். அந்த மணலில் தலை, தோள், குதிகால் என்று ஆள் படுத்திருக்கும் பள்ளம்.

பதினொன்றிலும்.

கோடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. அவள் அதன் பக்கம் குனிந்து நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணாம் கட்டில்? ராத்திரி பூரா இருமலா? பாவம். சரி." கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள். "நீங்க கிளம்புங்க சிஸ்டர். இனி நான் பாத்துக்கறேன்."

நாற்காலி தரையில் உரசிப் பின்னால் நகர்ந்தது.

யாரோ எழுந்து வந்தார்கள். லைன்மேனைக் கடந்து போனார்கள். கஞ்சி போட்ட துணியின் வாசனை முகத்தில் மோதியது. காதருகே ஒரு பெருமூச்சு, நாற்பது வருடம் ஓயாத கால்களின் களைப்போடு.

நாலாவது கட்டிலிலிருந்து இருமல் எழுந்தது.

அவள் பதறவே இல்லை. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியில் ஊற்றி, பள்ளத்தின் தலைப்பக்கம் சாய்த்தாள். தண்ணீர் சரிந்தது. மணல் நனையவில்லை.

"வா, போகலாம்." அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"டூட்டியில இருக்கேங்க." கண்கள் அவரைப் பார்த்தன, ஆனால் பார்வையாளர் நேரம் முடிந்தபின் வந்துவிட்ட யாரோ உறவுக்காரரைப் பார்ப்பதுபோல.

அதட்டினால் வரமாட்டாள் என்று தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னார்.

"சிஸ்டர்... இடுப்பு வலிக்குது. நிக்க முடியல."

பொய்யும் இல்லை அது. அவள் உடனே திரும்பினாள். தோளுக்கடியில் கை கொடுத்துத் தாங்கி, அடிமேல் அடி வைத்து அவரை வெளியே கூட்டிவந்தாள். பின்னால் ஒவ்வொரு கட்டிலாக இருமத் தொடங்கியது. வாசலைத் தாண்டியதும் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இனி பயனில்லை என்று வாயை மூடிக்கொண்டதுபோல.

அரைமணி தூரத்தில் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. அவள் டீயைத் தொடவில்லை.

"தம்பி, அங்க கடைசியா ஒரு நர்ஸ் இருந்தாங்க இல்ல? ஒல்லியா, இடது கன்னத்துல மரு."

டிரைவரின் கை கிளாஸோடு பாதியில் நின்றது.

"யாரும்மா சொன்னாங்க?"

"அவங்கதான்."

டிரைவர் கிளாஸைக் கீழே வைத்தார். "எங்கப்பா சுரங்கக் கம்பெனியில லாரி ஓட்டினவர்," என்றார். "மூடின அன்னிக்கு ஊர் ஜனத்தையெல்லாம் ஏத்திக் கொண்டுவந்து விட்டாச்சு. கல்தூசி நெஞ்சுல அடைச்சு, எழுந்திரிக்க முடியாம பதினோரு பேர் ஆஸ்பத்திரியில. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்னு அந்த நர்ஸம்மாகிட்ட சொன்னது எங்கப்பா. மறுநாள் கம்பெனி வண்டிச் சாவியைக் கொடுக்கல. இன்னொரு டிரைவர் போயிட்டார்னு பொய் சொல்லிட்டாங்க. பத்து நாள் கழிச்சு யாரும் போகலன்னு தெரிஞ்சு, ஒத்தையா நடந்தே போயிருக்கார். ஒருத்தரும் உயிரோட இல்ல, அந்த நர்ஸம்மாவும்தான். திரும்பி வந்தவர் சாகறவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடலம்மா."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம்தான் அது வெளியே வந்தது, ஒரு வருடம் உள்ளேயே கிடந்தது.

"என்னங்க, என் கடைசி டூட்டி அன்னிக்கு கேக் வெட்டக் கூப்பிட்டாங்க. என்னை மாத்த வேண்டிய பொண்ணு இன்னும் வரல. அஞ்சு நிமிஷந்தானேன்னு போனேன். ஓரத்துக் கட்டில் பெரியவர் தண்ணி கேட்டார். வந்து தரேன் தாத்தான்னேன். போட்டோ எடுத்தாங்க, பேசினாங்க, அரைமணி ஆயிடுச்சு. திரும்பி வந்து பாத்தா..." மூச்சு வாங்கினாள். "வயசானவர்தானேன்னு யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா தேவலை."

கேக் கத்தியோடு அவள் சிரிக்கிற அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியதே லைன்மேன்தான். தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவள் சாப்பிட்டாள்.

"இன்னிக்கு வார்டை நானா ஏத்துக்கிட்டேன். ஏத்துக்கிட்டு மறுபடியும் விட்டுட்டு வந்துட்டேன்."

லைன்மேனுக்கு அந்த வாசலை மறுபடி மிதிக்க மனம் இல்லை. இருந்தாலும் எழுந்தார்.

"டிரைவர், வண்டியைத் திருப்புங்க."

டிரைவர் கடையில் ஒரு தண்ணீர் கேன் மட்டும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது காற்று கிளம்பியிருந்தது. தெருவெங்கும் மணல் புகைபோல ஓடியது. இந்த முறை மூவரும் உள்ளே போனார்கள். டிரைவர் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

அவள் முதல் கட்டிலருகே நின்றாள். தண்ணீர் கொடுத்தாள். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"லாரி வராதுங்க ஐயா. உங்ககிட்ட யாரும் உண்மையைச் சொல்லல. நான் சொல்றேன். இங்க இனிமே வைத்தியம் இல்ல, வலியும் இல்ல. உங்களை டிஸ்சார்ஜ் பண்றேன். எந்திரிங்க."

எதுவும் நடக்கவில்லை.

பிறகு மணல் சரிந்தது. பள்ளத்தின் ஓரங்கள் மெல்ல உள்ளே விழுந்து, தலை மறைந்தது, தோள் மறைந்தது. பலகை சமமாயிற்று.

அடுத்த கட்டிலுக்குப் போனாள். அதற்கடுத்ததற்கு. ஒவ்வொருவருக்கும் அதே தண்ணீர், அதே கை, அதே வார்த்தைகள், ஒன்றையும் சுருக்கவில்லை. ஆறாவது கட்டிலில் மட்டும் கூடுதலாக ஏதோ கேட்டுக்கொண்டு, "கட்டாயம் சொல்றேன்," என்றாள்.

பதினொன்றாவது பள்ளமும் மூடியதும் காற்று முதல்முறையாக வார்டுக்குள் புகுந்தது. துடைப்பக் கோடுகள் மேல் மணல் ஊர்ந்தது.

டிரைவர் ஓடிப்போய் வேன் கதவைத் திறந்தார். அவள் ஏறி ஜன்னலோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். லைன்மேன் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் கதவைச் சாத்தக் கை வைத்தார்.

வேன் அமுங்கியது.

ஸ்பிரிங் முனகியது. மறுபடியும் அமுங்கியது. மறுபடியும். வேண்டாம் வேண்டாம் என்றே லைன்மேனின் மனம் பதினொன்றுவரை எண்ணிக்கொண்டு போயிற்று.

டிரைவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். கன்னத்தில் கண்ணீர் மணலோடு ஒட்டியிருந்தது. காலியான படியைப் பார்த்து, "மெதுவா... மெதுவா ஏறுங்க," என்றார். "அப்பாவால வர முடியல."

ஊர் எல்லையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது அவள் சொன்னாள்: "பாத்து ஓட்டுங்க தம்பி. குலுக்கினா இருமல் வந்துடும்."

நகரத்துப் பேருந்து நிலையத்தில் டிரைவர் தானாகவே வண்டியை ஓரம் கட்டினார். கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார். வேன் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஜனக்கூட்டம் எதுவும் தெரியாமல் பெட்டி படுக்கையோடு போய்க்கொண்டிருந்தது. பத்து முறை உயர்ந்து நின்றுவிட்டது.

காத்திருந்தார்கள்.

அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு கணவனிடம் தயங்கித் தயங்கிக் கிசுகிசுத்தாள்.

"ஒருத்தருக்குப் போக்கிடம் இல்லையாம்."

"அதுக்கு?"

"நம்ம பின்னறை சும்மாதானே கிடக்கு."

லைன்மேன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பியபின் அவள் பழைய ஆளானாள். வயிறாரச் சாப்பிட்டாள். கூடத்துப் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டாள். ஆறாவது கட்டில்காரர் சொன்ன முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அது அப்படியே திரும்பி வந்தது. பின்னறையில் ஒரு கட்டில், ஒரு போர்வை. மதியம் மூன்று மணிவாக்கில் அங்கே இருமல் கேட்கும். "வர்றேன், வர்றேன்," என்று எழுந்து போவாள். லைன்மேன் ஒருநாளும் அந்த வாசலை மிதித்ததில்லை. பயம் ஒரு பக்கம். அவள் சந்தோஷத்தில் கை வைக்கக்கூடாது என்பது இன்னொரு பக்கம்.

அப்படி ஒரு வருடமும் சில மாதங்களும் ஓடின. ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள். கொடுத்துவைத்தவள் என்றார்கள். வந்தவர்கள் அழுதார்கள், சமைத்தார்கள், பாத்திரம் கழுவி வைத்தார்கள், கிளம்பிப் போனார்கள். அவ்வளவு நாளும் பின்னறையில் சத்தமே இல்லை.

எல்லோரும் போன மறுநாள், மதியம் மூன்று மணி. கூடத்தில் லைன்மேன் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இருமல் கேட்டது.

அவர் அசையவில்லை. இருமல் கூடிக்கொண்டே போயிற்று. நெஞ்சைப் பிளக்கிற, மூச்சுக்கு ஏங்குகிற இருமல். அவள் இருந்தால் இதற்குள் எழுந்து போயிருப்பாள். இனி யார் போவது?

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சமையலறையில் டம்ளரில் தண்ணீர் பிடித்தார். நடையைத் தாண்டி, மூடிய கதவருகே வந்து, தாழ்ப்பாளில் விரல் வைத்தார்.

இருமல் நின்றது.

தானாக ஓய்கிற இருமல் இல்லை. தொண்டையில் தண்ணீர் இறங்கும்போது, மடக்கு மடக்காக அடங்குகிற இருமல்.

கட்டில் கிறீச்சிட்டது. யாரோ போர்வையை உதறினார்கள். நாலு மூலையையும் இழுத்துச் சொருகினார்கள். தலைப்பக்கம் இரண்டு தட்டு தட்டினார்கள்.

லைன்மேன் கதவைத் திறக்கவில்லை. நெற்றியை அதில் சாய்த்து வெகுநேரம் நின்றார். பிறகு கையிலிருந்த தண்ணீரை, நின்ற இடத்திலேயே, தானே குடித்தார்.