தலையளவு அழுக்கு

காலியான வீட்டுக்குள் நுழையும்போது அவர் செருப்பைக் கழற்றுவதில்லை. குடியிருப்பவர்கள் இருக்கும்போது கழற்றுவார், அது மரியாதை. அவர்கள் காலி செய்த பிறகு கழற்றாமல் நுழைவார், அது உரிமை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் மனைவிக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். கேட்டாளா என்பது வேறு விஷயம்.

ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருந்தார். ஒவ்வொரு குடும்பமும் வெளியேறும் நாளில் அந்தக் கண்ணாடியோடு சுவர் சுவராக ஊர்வார். ஆணித் துளை, பென்சில் கோடு, தாழ்ப்பாளைச் சுற்றி விரல்பட்ட கறுப்பு என்று எதுவும் தப்பாது. இதனால் அவருக்கே பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது தெரிந்தபோது அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அன்றைக்கு அவர் போனது சந்தின் கடைசியில் இருந்த பழைய வீடு. காலை வெயில் கூடம் வரை வந்திருந்தது. காலி செய்யும் பெண் துணி தைப்பவள். தரையைத் துடைத்து, குழாயைத் தேய்த்து, சமையல் மேடையைப் பளபளப்பாக்கி வைத்திருந்தாள். பூதக்கண்ணாடிக்கு ஏமாற்றமாக இருந்தது. குறையில்லாத வீடு அவருக்குப் பிடிக்காது.

உள்ளறைக்குப் போனதும் முகம் மலர்ந்தது.

சுவரில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், ஒரு வட்டம். நடுவில் கறுத்து, ஓரத்தில் பழுப்பேறி, எண்ணெய்ப் பிசுக்கோடு மினுமினுத்தது. கிட்டே போனால் துவைக்காத தலையணை வாடை.

"இது என்ன?"

"அம்மா சாய்ஞ்ச இடம் சார்."

"உங்க அம்மா சாய்ஞ்சா சுவர் கறுத்துடுமா?"

"வருஷக்கணக்கா சாய்ஞ்சா கறுக்கும் சார். கட்டிலை விட்டு இறங்க முடியாதவங்க. நீங்கதான் பாத்திருக்கீங்களே. மனுஷங்க குடியிருந்த வீடு, குடியிருந்த மாதிரிதானே இருக்கும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சொற்பொழிவுக்கு முன் வரும் செருமல் அது.

"இங்க பாரும்மா. தேய்மானம் வேற, சேதம் வேற. வெயில் பட்டுக் கதவு வெளுத்தா தேய்மானம். நடந்து நடந்து தரை மழுங்கினா தேய்மானம். அதுக்கெல்லாம் நான் ஒத்தைக் காசு பிடிக்க மாட்டேன். ஆனா ஒரே இடத்துல தலையை வெச்சுத் தேய்க்கிறது தேய்மானம் இல்ல. அது ஒரு செயல்."

உண்மையைச் சொன்னால் அவர் பார்வையில் குடியிருப்பவர் மூச்சு விடுவதே ஒரு செயல்தான். ஆவி பட்டுச் சுண்ணாம்பு பொரிந்துவிடும்.

"சரி சார், பிடிச்சுக்கங்க. மிச்ச அட்வான்ஸை இன்னைக்கே குடுத்தா உதவியா இருக்கும். புது இடத்துல கேக்கறாங்க."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் அவருக்கு ருசி கெட்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுக்கலாமே என்று மூளை துழாவியது. கிடைத்தது.

"வாடகை ஒப்பந்தம் யார் பேர்ல இருக்கு?"

"அம்மா பேர்ல."

"அப்ப சட்டப்படி குடித்தனக்காரர் உங்க அம்மா. நீ கூட இருந்தவ, அவ்வளவுதான். காலி பண்ண வேண்டியது அவங்க. சாவி அவங்க கையால வரணும். அட்வான்ஸ் அவங்க கையிலதான் போகணும்."

அவள் அவரையே பார்த்தாள். "அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க சார். நீங்களும் வந்திருந்தீங்க."

"வந்தேன். அது மனிதாபிமானம். இது சட்டம். அவங்க வந்து கேக்கற வரைக்கும் அவங்கதான் இங்க குடித்தனம். வரும்போது இந்த அழுக்கையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு."

சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது. மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. தன்னிடமிருந்த சாவியை ஜன்னல் திட்டில் வைத்தாள். "இன்னொரு சாவி அம்மா தலையணைக்கு அடியில இருந்துச்சு. எவ்வளவோ தேடினேன், கிடைக்கல." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, தூங்குகிறவரிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னாள்.

"அம்மா, சார் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெயிண்டர் அடித்த முதல் பூச்சு மறுநாளே பழுத்தது. இரண்டாவது பூச்சு அன்று சாயங்காலமே பழுத்தது. வெள்ளைக்கு அடியிலிருந்து மஞ்சளாக, சளி மாதிரி, அந்த வட்டம் ஊறி மேலே வந்தது. பழைய அளவிலேயே, பழைய இடத்திலேயே.

"சுரண்டிட்டு அடிப்பா," என்றார் பூதக்கண்ணாடி.

"சுரண்டினேன் சார். காரை வரல. இதுதான் வருது." பெயிண்டர் சுரண்டும் தகட்டை நீட்டினான். காதுக்குப் பின்னால் குளிக்காதவர்களுக்குச் சேருமே, அந்த மாதிரி ஒரு சாம்பல் நிறப் பிசுக்கு. அதில் சுருண்டு கிடந்தது நீளமான ஒரு நரைமுடி.

"பழைய வீடு. முடி இருக்கத்தான் செய்யும்."

"சுவருக்குள்ளயா சார்?" பெயிண்டர் தகட்டைத் தரையிலேயே போட்டான். "கை வெச்சுப் பாருங்க. காய்ச்சக்காரங்க நெத்தி மாதிரி சுடுது. எனக்குக் கூலி வேணாம் சார், கையைக் கழுவ சோப்பு மட்டும் குடுங்க."

அவன் வெகுநேரம் கழுவினான். கூலி வேண்டாம் என்று ஒரு தொழிலாளி தன்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை என்பதால், நடந்ததில் பயப்பட என்ன இருக்கிறது என்று பூதக்கண்ணாடிக்குப் பிடிபடவில்லை.

அந்த வாரம் ஒரு பேராசிரியரும் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். பூதக்கண்ணாடி ஒரு காலண்டரை வாங்கி வந்து வட்டத்தின் மேல் மாட்டியிருந்தார். அதற்காக அடித்த ஆணி யார் கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. பேராசிரியருக்கு வீடு பிடித்துவிட்டது. அந்த அம்மாள் மட்டும் உள்ளறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"இங்க யாராவது உடம்பு முடியாம படுத்திருக்காங்களா?"

"காலி வீடும்மா."

"படுக்கையைத் துணி மாத்தாம வெச்ச மாதிரி வாடை அடிக்குதே."

அவள் காலண்டரை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அதன் பின்பக்கம் முழுக்க எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. பிடிமானத்துக்காகச் சுவரில் ஊன்றிய கையை அவள் வெடுக்கென்று எடுத்தாள். உள்ளங்கையில், வியர்வையில் ஒட்டிக்கொண்டு, ஒரு கொத்து நரைமுடி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பேராசிரியர் பின்னாலேயே ஓடினார்.

விஷயம் பரவிவிட்டது. அதற்கப்புறம் தரகர் அவர் அழைப்பை எடுப்பதில்லை. அந்த வீட்டை இனி யாருக்கும் விட முடியாது என்ற நிலை வந்தபோதுதான் பூதக்கண்ணாடி பயந்துபோனார். பேயைப் பார்த்தல்ல. பூட்டிக் கிடக்கும் வீட்டை நினைத்து.

ஆள் வைத்தால்தானே ஓடுகிறார்கள், நாமே தேய்த்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் கிளம்பினார். வாளி, சோப்புத் தூள், இரும்பு நார். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளறைக்குள் அந்த வெயில் வந்தது, ஆனால் வெளிச்சமாக வரவில்லை. அழுக்குக் கண்ணாடி வழியாக வருவதுபோல மங்கி வந்தது.

தேய்த்தார். நுரை வெள்ளையாகப் பொங்கியது, பழுப்பாக வழிந்தது. பழுப்பு முழங்கை வரை ஓடிச் சட்டைக்குள் இறங்கியது. தலையணை வாடை, மூட்டுவலித் தைலத்தின் வாடை, அதற்கும் அடியில் நாள்பட்ட மூத்திர வாடை. வாந்தியை விழுங்கிக்கொண்டு தேய்த்தார். இரும்பு நார் எதிலோ சிக்கியது. இழுத்தார். முடி. இழுக்க இழுக்க வந்தது. ஒரு முழம் வந்தும் நுனி வரவில்லை.

பழக்கதோஷம் யாரை விட்டது. பூதக்கண்ணாடியை எடுத்து வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.

சுவரில் துளைகள் இருந்தன.

ஆணித் துளைகள் அல்ல. தோலில் இருக்குமே, அந்தத் துளைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துளி வியர்வை திரண்டு நின்றது. ஒவ்வொரு துளியும் மெதுவாக உப்பியது, வடிந்தது, மறுபடி உப்பியது.

மூச்சு வாங்குகிற தாளத்தில்.

அவர் மறு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

"யாரு..."

அது காதில் கேட்டதா, சுவரில் வைத்திருந்த கை வழியாக எலும்பில் கேட்டதா தெரியவில்லை.

"சாரா?"

வாளி உருண்டது.

"காலி பண்ணத்தான் சார் உக்காந்திருக்கேன். அட்வான்ஸ் வந்ததும் எந்திரிச்சிடுவேன்."

தெருவுக்கு வந்த பிறகுதான் காலில் ஒரு செருப்பு இல்லை என்று தெரிந்தது.

தையல்காரப் பெண் புது இடத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டையெல்லாம் பழுப்பாக வந்து நிற்பவரைப் பார்த்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"என்ன சார், சாக்கடையில விழுந்துட்டீங்களா?"

"அம்மாடி, உன் அட்வான்ஸை நாளைக்கே தந்துடறேன். வந்து வாங்கிக்க. உங்க அம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை..."

"என்கிட்ட குடுத்தா செல்லாதே சார். நான் கூட இருந்தவதானே." அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். "இந்த இடத்துக்கு அட்வான்ஸ் கட்ட மிஷினை அடகு வெச்சிருக்கேன். வாடகை மிஷின்ல தைக்கிறேன். எனக்கும் பணம் வேணும்தான். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. அவங்க கையிலயே குடுத்துடுங்க."

"அவங்க கை எங்கம்மா இருக்கு?"

"தலை இருக்கற இடத்துலதான் சார் இருக்கும்."

மறுநாள் காலை முழுத் தொகையையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனார். முழுத் தொகைதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதுதான் இருந்தது. சந்து முனை வரைக்கும் அப்படியேதான் இருந்தது. படியேறும்போதுதான் கை தானாகக் கவருக்குள் போயிற்று. இரண்டு பூச்சு அடித்திருக்கிறது. சாவி ஒன்று தொலைந்திருக்கிறது. நாளைக்கு மற்ற குடித்தனக்காரர்களுக்குத் தெரிந்தால் முன்னுதாரணம் ஆகிவிடாதா. செத்தவர்களுக்கு ஒரு நியாயம், இருப்பவர்களுக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியுமா. சில நோட்டுகளை உருவி உள்பையில் வைத்துக்கொண்டதும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. ஆயுள் முழுக்கச் செய்ததைச் செய்யும்போது மனுஷனுக்கு ஒரு நிதானம் வருகிறது.

கவரை வட்டத்துக்குப் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குடித்தனக்காரருக்குக் கும்பிடு போட்டார்.

"காலி பண்ணிடுங்கம்மா."

கவரின் காகிதத்தில் எண்ணெய் படர ஆரம்பித்தது, கட்டைவிரல் அளவுக்கு. அவர் நின்று பார்க்கவில்லை.

அடுத்த நாள் போனபோது அறை நிறைய வெயில். சுவர் புதுப் பூச்சோடு வெள்ளையாக இருந்தது. வட்டமும் இல்லை, வாடையும் இல்லை. கவர் இருந்த இடத்தில் இருந்தது ஒரு சாவி. தொலைந்துபோன அந்த இரண்டாவது சாவி. கைக்குட்டையால் பிடித்து எடுத்தபோது வெண்ணெய்க்குள் இருந்து எடுத்ததுபோல் வழுக்கியது. அப்போதே தரகரைக் கூப்பிட்டார். குரலில் பழைய செருமல் திரும்பியிருந்தது.

சாயங்காலம் தன் வீட்டுக் கூடத்தில், வழக்கமான நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. தையல்காரப் பெண்.

"கவர் வந்துடுச்சு சார். மிஷின் மேல இருந்துச்சு. கதவு பூட்டினது பூட்டினபடி இருக்கு." அவள் குரல் தணிந்திருந்தது. "கொஞ்சம் கம்மியா இருக்கு போல."

"பெயிண்டுக்குப் பிடிச்சிருக்கேன். அதுதான் நியாயம்."

"சரி சார். அது உங்களுக்கும் அம்மாவுக்கும் உள்ளது."

போனை வைத்தார். மனைவி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"தலைக்கு எண்ணெய் வைக்க ஆரம்பிச்சிருக்கீங்களா?"

"எனக்குத் தலையில என்ன இருக்கு எண்ணெய் வைக்க?"

"அப்ப இது யாரோடது? போன மாசம்தான் இந்தச் சுவருக்கு அடிச்சோம்." அவள் மூக்கைச் சுளித்தாள். "ச்சீ. என்ன வாடை இது."

அவர் திரும்பிப் பார்த்தார். வட்டம் அவர் தலைக்குப் பின்னால் இல்லை. பக்கத்தில் இருந்தது. அவர் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் குள்ளமான ஒருவரின் தலை உயரத்தில். ஓரத்தில் ஒரு நரைமுடி, காற்றில்லாத அறையில், லேசாக ஆடியது.

பையிலிருந்த பூதக்கண்ணாடியை அவர் எடுக்கவில்லை. உள்பையில் இருந்த நோட்டுகளை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல், அவற்றைச் சுவரில் அழுத்திப் பிடித்தார்.

நோட்டுகள் நனைந்து, கிழிந்து, விரலிடுக்கில் கூழாக வழிந்தன. வெறும் உள்ளங்கைதான் மிஞ்சியது.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு மெல்ல, களைத்துப்போனவர்கள் சாய்வதுபோல, உள்ளேயிருந்து அவர் கையில் சாய்ந்தது.