லாந்தர்க்காரிக்கு வழி தெரியவில்லை

ஜூன் மாதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அம்மாவின் தையல் கடைக்குப் பின்புறம் இருந்த சிறிய அறையில், நண்டு ஒரு பேயைப் பார்த்து அழுதாள். அலறியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அலறுவதற்காகத்தான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

நண்டுக்கு வயது ஒன்பது. மேசைக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் புகுந்து திரிவதால் வீட்டில் வைத்த பெயர் அது. பேயைச் செய்தவர்கள் அவளுடைய அக்காவும், அக்காவின் வகுப்புத் தோழன் சோடாபுட்டியும். அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தவர்கள் அந்தப் பெயருக்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

லாந்தர்க்காரி என்பவள் எல்லாப் பிள்ளைகளும் ஆடும் ஒரு கணினி விளையாட்டில் வருபவள். பாழடைந்த பள்ளிக்கூடத்தில், கையில் லாந்தர் விளக்குடன் துரத்துவாள். ஏன் துரத்துகிறாள் என்று அதைச் செய்தவர்கள் சொல்லவே இல்லை. ஆகவே அதன் ரசிகர்கள் ஆளுக்கொரு காரணம் கற்பித்து, தாங்களே புதிய பகுதிகளைச் செய்து, ரசிகர் குழுவின் இணையப் பக்கத்தில் ஏற்றி வந்தார்கள். அக்காவும் சோடாபுட்டியும் தங்களுடைய பகுதியை மறுநாள் ஏற்ற வேண்டும்.

கதை சோடாபுட்டியுடையது. பள்ளி தீப்பிடித்த அன்று லாந்தர்க்காரியின் மகன் வெளியே வரவில்லை. அவனைத்தான் அவள் இன்னும் தேடுகிறாள். இருட்டும், ஓட்டமும், திடீர்ச் சத்தங்களும் அக்காவின் கைவேலை. குரல் அம்மாவுடையது. தைத்துக்கொண்டிருந்தவள், "கண்ணா, எங்கடா இருக்க?" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, "காலர் வைக்கணும், போங்க அந்தப் பக்கம்" என்று விரட்டிவிட்டாள்.

கடைசி அறையில் லாந்தர்க்காரி நெருங்கி வருவாள். ஆடுபவர் கதவைச் சாத்த வேண்டும். நண்டு சாத்தினாள். கதவுக்கு வெளியே அந்தக் குரல் கேட்டது. திரையில் 'வெற்றி' என்று பச்சை எழுத்துகள் குதித்தன. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"ஏன்டி அழற? அவ்ளோ பயமா இருக்கா?" அக்காவின் முகம் மலர்ந்தது.

"பயமா இல்லக்கா."

மலர்ந்த முகம் வாடியது. "பின்ன?"

"தெரியல."

அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. குரல் அம்மாவுடையது என்று தெரியும். அம்மா அடுத்த அறையில் பொத்தான் தைக்கிறாள் என்றும் தெரியும். லாந்தர்க்காரி வெறும் படம் என்பதும் தெரியும். இத்தனை தெரிந்தும் அழுகை வந்தால், அது எங்கிருந்து வருகிறது?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க," என்றாள் அக்கா. "இங்க பேயே வந்து நிக்குது, இவ மூக்கை உறிஞ்சறா! டேய், எல்லாம் உன் சோகக் கதையால. அந்தக் கதவுக் காட்சியைத் தூக்கு."

"தூக்கினா அவ ஏன் துரத்தறான்னே புரியாது."

"புரியாட்டி என்ன? பயந்தா போதும். ரசிகருங்க பேய்க்காக வராங்க, ஒப்பாரிக்கு இல்ல."

"அப்ப என் பேரையும் சேர்த்துத் தூக்கிடு." சோடாபுட்டி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"போடா, போ! நீ இல்லாட்டி எனக்கு விளையாட்டு செய்ய வராதா?" என்று கத்திக்கொண்டே அக்காவும் பின்னால் போனாள்.

நண்டு திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். இத்தனைக்கும் காரணம் தன்னுடைய இரண்டு சொட்டுக் கண்ணீர். ஒழுங்காக ஒரு முறை அலறிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று எண்ணி, விளையாட்டை மறுபடி தொடங்கினாள். பயப்படுவதற்கு மிகவும் முயன்றாள். கண்ணைக்கூட அகல விரித்துப் பார்த்தாள்.

கடைசி அறை வந்தது. "கண்ணா, எங்கடா இருக்க?" விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. கதவைச் சாத்த அவளால் முடியவில்லை. ஓடவும் மனம் வரவில்லை. சும்மா நின்றாள்.

லாந்தர்க்காரி அருகில் வந்தாள். வந்தவள் ஒன்றும் செய்யவில்லை. சுவரில் போய் முட்டினாள். திரும்பினாள். மறுபடி முட்டினாள்.

"அக்கா! சோடாபுட்டி அண்ணா! ஓடி வாங்க, இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு!"

வாசலில் வாதாடிக்கொண்டிருந்த இருவரும் ஓடி வந்தார்கள். மூவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். லாந்தர்க்காரி முட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்ன செய்யறதுன்னு அவளுக்குத் தெரியல," என்றான் சோடாபுட்டி மெதுவாக. "ஓடினா துரத்தணும், சாத்தினா நிக்கணும். அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருக்கோம்."

"ஓடாம நின்னா?" என்று கேட்டாள் நண்டு.

"பேயைப் பார்த்து எவடி நிப்பா?" என்றாள் அக்கா.

"நான் நின்னேனே."

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அவ தேடறது என்னை இல்லியே," என்றாள் நண்டு. "நான் உங்க பையன் இல்லன்னு சொல்ல ஒரு வழி வைங்க. தெரியாமத்தானே பின்னாடியே வரா? பாவம், ஒவ்வொரு தடவையும் மூஞ்சிலயே கதவைச் சாத்தறோம்."

சோடாபுட்டி பையை இறக்கி வைத்தான். அக்கா முணுமுணுத்தபடியே நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஓடாமல் நிற்பவரின் முகத்துக்கு நேராக லாந்தர்க்காரி விளக்கை உயர்த்திப் பார்ப்பதாக இருவரும் மாற்றி எழுதினார்கள். பாதியில் இரண்டு சண்டைகள் நடந்தன. ஒன்றை நண்டு தீர்த்தாள், மற்றொன்று தானே ஓய்ந்தது.

மறுநாள் காலையில் அக்கா முதலில் ஆடிப் பார்த்தாள். கடைசி அறையில் நின்றாள். விளக்கு மெல்ல உயர்ந்தது. திரை முழுவதும் வெளிச்சம் பரவ, அதன் நடுவில் இரண்டு கண்கள் அவளையே உற்றுப் பார்த்தன.

"ஐயோ அம்மா!"

நாற்காலியோடு சரிந்த அக்காவைப் பார்க்க அம்மா கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். "என்னடி ஆச்சு? யாரைப் பார்த்துக் கத்தின?"

"உன்னைப் பார்த்துத்தாம்மா," என்றான் வீட்டுப் பிள்ளை போலப் பழகிய சோடாபுட்டி. அம்மா கத்தரிக்கோலை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

திரையில் லாந்தர்க்காரி, தான் தேடும் மகன் இது இல்லை என்று கண்டுகொண்டு, விளக்கைத் தாழ்த்தினாள். தரையில் கிடந்தபடியே அக்கா அதைப் பார்த்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"என்னக்கா, அழறியா?"

"தெரியலடி," என்றாள் அக்கா.

அதன் பிறகு மூவரும் கூடிப் பேசி முடிவு செய்தது இது. பயந்தவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளலாம், கதவு இருக்கும். 'வெற்றி' என்ற பச்சை எழுத்துகள் இருக்கமாட்டா. மகன் கிடைக்கமாட்டான். கிடைக்க வேண்டும் என்று நண்டு எவ்வளவோ வாதாடியும், அது பொய்யாகிவிடும் என்று சோடாபுட்டி மறுத்துவிட்டான். ஆனால் ஓடாமல் நிற்பவர்கள், விரும்பினால், விளக்கைத் தாங்கள் வாங்கிக்கொண்டு லாந்தர்க்காரியுடன் சேர்ந்து தேடலாம். அப்படித் தேடி நடப்பதற்கு நேர வரம்பு வைப்பதில்லை என்று தீர்மானமாயிற்று.