விரல் பிரிப்பவன்

நிலாவில் இருக்கும் சோமபுரி நகரில் கூரைமேல் செயற்கைச் சூரியனை ஏற்றியதும், அங்குள்ள மற்ற வீடுகளைப் போலவே அருளப்பன் வீட்டுக்கும் பணிப்பொறி வந்துவிடும். அவன் மனைவி ரெஜினாவின் எதிரே உட்கார்ந்து, அவளுடைய வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும். அருளப்பன் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான்.

பக்கவாதத்துக்குப் பின் அந்தக் கை முஷ்டியாக இறுகிப்போயிருந்தது. நகம் உள்ளங்கையைக் கிழித்துவிடாமல் வருடக்கணக்கில் விரல்களைப் பிரித்துக் கழுவித் துடைத்தவன் அவன்தான். புதிதாக வந்த இந்தப் பணிப்பொறியோ, கெட்டுப்போன உணவில் விளையும் போட்டுலினம் நஞ்சை மயிரிழை ஊசியால் தசைக்குள் துளித்துளியாக விட்டது. 'இறுக்கு' என்று நரம்பு இடும் கட்டளையை நஞ்சு சில மாதங்கள் தடுத்து வைக்கும்; அதற்குள் பயிற்சி கொடுத்துக் கையைப் பழக்க வேண்டும்.

கை பழகியது. அதில் அவனுக்குச் சந்தோஷம்தான். அவள் சிரிப்பைக் கேட்டுத்தான் வயிறு எரிந்தது.

"இன்னிக்குக் கட்டைவிரல் கோவிச்சுக்கிட்டிருக்கு போல" என்றது பொறி.

"அதுக்கு உன்னைக் கண்டா வெக்கம், தம்பி."

அன்று ரெஜினா தானாகவே தம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு அவள் முதலில் திரும்பிப் பார்த்தது பொறியை. அருளப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு பராமரிப்பு நிலையத்துக்குப் போனான்.

"அதை மாத்துங்க. அளவுக்கு மீறிப் பேசுது."

பொறுப்பாளர் மெர்லின் தயங்கினாள். "அது பேசறது உங்க பேச்சுங்க. நீங்க முதல் வருஷம் எப்படிப் பேசிக்கிட்டே விரலைப் பிரிப்பீங்களோ, அதே மாதிரி வேணும்னு உங்க வீட்டம்மாதான் கேட்டாங்க. வீட்டு ஒலிப்பதிவையும் அவங்களே கொடுத்தாங்க."

"இப்பவும் நான்தானே கூட இருக்கேன்?"



வீட்டுக்கு விரைந்து வந்தவன், பொறியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தான். சுண்டுவிரலை மெல்லப் பிரித்தான். ரெஜினாவின் முகம் மலர்ந்தது.

"ஞாபகம் இருக்குங்களா? நான் விழுந்த புதுசுல ஒரு நாள்..."

அவன் கண்ணுக்குள் பொருத்தியிருந்த திரைவில்லையின் ஓரத்தில், பூமியில் நடந்த ஆட்டத்தின் கடைசி ஓவர் ஒளிர்ந்தது.

"ம்... சொல்லு."

ரெஜினா அவன் கண்ணோரத்தில் மினுங்கிய வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"தம்பி, நீயே வந்து உக்காரு" என்றாள்.

"ம்" என்றான் அருளப்பன்.